விளையாட்டு வீரர்களின் தன்மேலாண்மைத் திறன்கள்

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதபோதும் ஒரு வீரர் தன் எண்ணத்தையும் உணர்ச்சியையும் உடலையும் நேரத்தையும் தானே நெறிப்படுத்திக்கொள்வது தன்மேலாண்மை. இலக்கு வகுத்தல், தனக்குத்தானே பேசிக்கொள்ளுதல், மனக்காட்சிப் பயிற்சி, பதற்றத்தை அடக்குதல், உறக்கம் பேணுதல், ஆட்டம் முடிந்தபின் தன்னைச் சீர்தூக்கிப் பார்த்தல் முதலியன இதில் அடங்கும்.

எதற்கு எடை அதிகம் என்பது விளையாட்டைப் பொறுத்து மாறும். துப்பாக்கி சுடுதலில் நெஞ்சின் துடிப்பே குறியை அசைத்துவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று; கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமபுள்ளியில் நின்றார்கள். பிந்த்ரா 10.8 சுட்டுத் தங்கம் வென்றார். ஹாக்கினன் சுட்டது 9.7, வெண்கலத்துக்கு இறங்கினார். பளுதூக்குபவருக்கோ துப்பாக்கி சுடுபவரின் அமைதி உதவாது. மேடையேறும் கணத்தில் அவர் தன்னை முறுக்கேற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் களத்தில் கண்ணுக்குத் தெரியும் திறனுக்கே முழு மதிப்பெண்ணையும் கொடுப்பது தவறு. அதே ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, சுவரே தெரியாமல் போனது. கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனை படைத்தார். பார்த்தவர்கள் அதை நிதானம் என்றார்கள். பயிற்சியாளர் பாப் பௌமன், கோளாறான பந்தயங்களையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும்படி அவரைப் பல ஆண்டுகள் பழக்கியிருந்தார். அந்த நிதானத்தின் வேர் அங்கே இருக்கிறது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு 11 முதல் 17 வயதுள்ள 444 கால்பந்து வீரர்களை ஆராய்ந்தது. திட்டமிடல், தற்கண்காணிப்பு, மதிப்பீடு, மீள்நோக்கு, முயற்சி, தன்னம்பிக்கை என்னும் ஆறு கூறுகளில், உயர்நிலை வீரர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை மீள்நோக்கும் முயற்சியும்தான். மீள்நோக்கு அவர்களை உயர்த்தியதா, உயர்நிலைப் பயிற்சி மீள்நோக்கைக் கற்றுக்கொடுத்ததா என்பதை ஒருமுறை எடுத்த ஒப்பீடு சொல்லிவிடாது. இருந்தும், இளம் வீரருக்கு முதலில் பழக்க வேண்டியது எது என்று கேட்டால் மீள்நோக்கையே சொல்ல வேண்டும். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு நோட்டும் பத்து நிமிடமும் போதும்.

பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் திறன் ஒன்று உண்டு: நிறுத்த வேண்டிய இடத்தை அறிதல். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட்டில் இரண்டரை முறுக்குச் சுற்ற வேண்டியவர், காற்றில் திசை தவறி ஒன்றரையோடு தரையிறங்கினார். கழுத்து முறியக்கூடிய விளையாட்டு அது. குழு இறுதிப்போட்டியிலிருந்து அப்போதே விலகினார். 2024 பாரிஸில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார்.