ஹோம் தியேட்டர் வந்த கதை: தருமபுரி வீடுகளும் மலிவு விலை 5.1 செட்டும்

முன்னுரை

ஒரு வீட்டில் புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கினால் அடுத்த தெருவுக்கே தெரிந்துவிடும். வாங்கிய அன்று வால்யூமைக் குறைத்து வைப்பவர் யார்? ஒரு வாரம் கழித்து "செட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பேஸ் பட்டையைக் கிளப்புது" என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. படம் போட்டா பேசறதுதான் புரிய மாட்டேங்குது."

ஒரே செட், ஒரே ஆள். கருத்து மட்டும் ஏன் மாறுகிறது? அதற்கு ஒலிபெருக்கி நம் ஊர்களுக்கு வந்த வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மைக் செட் காலம்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்தில் இருந்து பிரிந்தது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து அதற்கும் பல தலைமுறை முந்தையது. கூத்தாடுபவரின் தொண்டையும் மிருதங்கமும் முகவீணையும்தான் அங்கே சவுண்ட் சிஸ்டம். சனங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யாருக்கும் வசனம் புரியாமல் போனதில்லை.

பிறகு மைக் செட் வந்தது. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என எல்லாவற்றுக்கும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். டெல்லியில் 1940-ல் தொடங்கிய அகுஜா கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர் தமிழ்நாட்டுச் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது. அந்தக் குழாய்க்கு ஒரே வேலை, தூரம் போவது. பக்கத்து ஊருக்குக் கேட்டால் நல்ல செட், கேட்காவிட்டால் சுமாரான செட். பொது இடத்துக்கு அது சரியான அளவுகோல்தான். அந்த அளவுகோல் அப்படியே வீட்டுக்குள்ளும் வந்தது. பின்னால் வந்த பிரச்சினைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

தியேட்டரில் சுற்றிய ஒலி

சத்தத்தைப் பல திசைகளில் இருந்து தரும் யோசனை பழையது. வால்ட் டிஸ்னி 1940-ல் 'ஃபேண்டேசியா' படத்துக்காக 'ஃபேண்டசவுண்ட்' என்ற பல சேனல் முறையைப் பயன்படுத்தினார். செலவு அதிகம் என்பதால் அது சில தியேட்டர்களோடு நின்றுபோனது.

தமிழில் 1978-ல் இளையராஜாவின் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தன. 1986-ல் ரஜினிகாந்தின் 'மாவீரன்' 70 எம்.எம். திரையும் ஆறு டிராக் ஒலியுமாக வந்தது. 1995-ல் கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும், 1996-ல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. டி.டி.எஸ். முறை 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தில் அறிமுகமானது. அதில் ஒலி பிலிமில் இல்லை, தனி சிடியில் இருக்கும். பிலிமில் உள்ள நேரக்குறிப்பைப் படித்து சிடி கூடவே ஓடும். செலவு குறைவு என்பதால் சிறு ஊர்த் தியேட்டர்களுக்கும் கட்டுப்படியானது. போஸ்டரில் படத்தின் பெயருக்குக் கீழே 'டி.டி.எஸ்.' என்று போட்டாலே கூட்டம் வந்த காலம் அது.

வீட்டுக்கான டால்பி சரவுண்ட் 1982-லும், அதன் அடுத்த வடிவமான ப்ரோ லாஜிக் 1987-லும் வெளிநாட்டில் வந்தன. டிவிடி 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிறகுதான் 5.1 என்ற எண் வீடுகளில் பிரபலமானது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து சேனல், மிகத் தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டும் ஒரு சேனல். அந்தக் கடைசிச் சேனல்தான் '.1'. இவை அனைத்தையும் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியே ரிசீவர். உள்ளே ரேடியோவும் இருந்ததால் அந்தப் பெயர். நம் ஊரில் அதற்கு 'ஆம்ப்' என்றுதான் பெயர்.

அசெம்பிள் செட்

கம்பெனி ரிசீவர் எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஊர் மெக்கானிக்குகள். ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் பார்த்த அதே கைகள்தான். தருமபுரி இருக்கும் இடமும் இதற்கு வசதி. ஒரு பக்கம் சுமார் 65 கிலோமீட்டரில் சேலம், மறுபக்கம் சில மணி நேர பஸ் பயணத்தில் பெங்களூர் எஸ்.பி. ரோடு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகாமலே உதிரிப் பாகம் கிடைக்கும்.

தொடக்கத்தில் 2என்3055 டிரான்சிஸ்டர். பிறகு டிடிஏ2030, எல்ஏ4440 போன்ற ஐ.சி.க்கள். எல்ஏ4440 கார் ஸ்டீரியோவுக்கான சிப். ஒரு சிப்பில் இரண்டு சேனல், சேனலுக்குச் சுமார் 6 வாட். மூன்று போட்டால் ஆறு சேனல் தயார்! 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மின்வெட்டு பழகிப்போன ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

இதன் முன்னால் 'ப்ரோலாஜிக் போர்டு' என்று கடைகளில் விற்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அப்படி விற்றவற்றில் பிடி2323 போன்ற சிப் இருக்கும். இரண்டு சேனல் ஒலியை ஆறாக விரித்துக் காட்டுவது அதன் வேலை. டிஸ்கில் உள்ள உண்மையான 5.1 ஒலியைப் பிரித்தெடுப்பது அல்ல.

வாங்கியவர்கள் சொன்ன குறைகள்

மலிவு விலை செட் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் நான்குதான்.

முதலாவது, பின் ஸ்பீக்கரில் எதுவும் தனியாகக் கேட்கவில்லை என்பது. காரணம் செட்டில் மட்டும் இல்லை. 2000-களில் நம் வீடுகளில் அதிகம் ஓடியது விசிடி. அதில் இருப்பதே இரண்டு சேனல்தான். நான்கைந்து படங்களை ஒரே டிவிடியில் திணித்த டிஸ்குகளும் அப்படித்தான், இடம் போதாமல் ஒலியைச் சுருக்கிவிடுவார்கள். 5.1 செட் வாங்கிய பலர் உண்மையான 5.1 ஒலியை ஒருமுறைகூடக் கேட்காமலே "இது தேறாது" என்று தீர்ப்பு சொன்னார்கள்.

இரண்டாவது, வசனம் புரியவில்லை என்பது. 5.1 படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். மலிவு செட்டில் செலவைக் குறைப்பதும் அங்கேதான். பெரிய பேஸ் பெட்டியும் கையகல நடு ஸ்பீக்கரும் கொடுத்தால் அணுகுண்டு கேட்கும், அம்மா பேசுவது கேட்காது. காது மந்தமான தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் இது பெரிய கஷ்டம். சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் சுவர் அதிரும். குறைத்தால் பேச்சு போய்விடும். படம் முடியும்வரை ரிமோட்டைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, 'ஹம்' என்ற இரைச்சல். மட்டமான டிரான்ஸ்ஃபார்மர், சரியாகப் போடாத எர்த், மெல்லிய ஒயர் இவையெல்லாம் சேர்ந்தால் பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் முனகிக்கொண்டே இருக்கும்.

நான்காவது ரிப்பேர். இதில்தான் அசெம்பிள் செட் வைத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள். ஐ.சி. போனால் அதே மெக்கானிக் அன்று மாலையே மாற்றிக் கொடுப்பார். டிவிடி பிளேயரோடு ஒரே பெட்டியாக வந்த கம்பெனி செட்டில் லென்ஸோ போர்டோ போனால் பாகம் கிடைக்காது. சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய செட் அலமாரிப் பொருளாகிவிடும்.

வாட்ஸ் கணக்கு

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ. வாட்ஸ்' என்று அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஒரு நொடியின் சிறு பகுதியில் என்ன வரும் என்ற கற்பனைக் கணக்கு அது. அமெரிக்காவில் இதே குழப்பம் முற்றியபோது, 1974-ல் அந்நாட்டு வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிப்பிட்ட முறையில் அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது.

நம் மெக்கானிக்குகள் விதி எதுவும் இல்லாமலே இதைக் கண்டுபிடிப்பார்கள். பெட்டியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தால் போதும். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 60. அதற்குமேல் அந்த செட்டால் தொடர்ந்து தர முடியாது. முன்னால் 2000 என்று எழுதியிருந்தால் அது ஸ்டிக்கர் மட்டுமே!

பின்னால் வந்தவை

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. 14 அங்குலப் பெட்டி, சின்ன ஸ்பீக்கர். படம் வந்த வீட்டில் அடுத்து நல்ல ஒலிக்கு ஆசை வருவது இயற்கை. பிறகு தட்டை டிவி வந்தது. அதில் ஸ்பீக்கருக்கு இடமே குறைந்துவிட்டது. 2012-ல் 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பு டால்பி அட்மாஸில் வந்து, தலைக்கு மேலேயும் ஒலியைக் கொண்டுபோனது. இன்று மலிவு ரிசீவரின் இடத்தைப் பெரும்பாலும் சவுண்ட்பார் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அசெம்பிள் ஆம்ப் சாகவில்லை. அதைச் செய்து காட்டும் தமிழ் யூடியூப் சேனல்களே பல இருக்கின்றன.

முடிவுரை

முதல் வாரக் கருத்து மைக் செட் காலத்தின் கருத்து. எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். ஆறாம் மாதக் கருத்து வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டவரின் கருத்து. பேச்சு புரிகிறதா, இரைச்சல் இல்லையா, கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் உண்டா என்று அது கேட்கிறது. செட் வாங்கப் போகிறவர், புதிதாக வாங்கியவரிடம் விசாரிப்பதைவிட வாங்கி ஆறு மாதம் ஆனவரிடம் விசாரிப்பது நல்லது. கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினால், "அண்ணே, ரெண்டு பேர் பேசற சீன் போடுங்க" என்று கேட்க வேண்டும். அந்தச் சீன் புரிந்தால் பாட்டு தானாகவே நன்றாக இருக்கும்.