குளிர்சாதனம் போட்டால் இன்ஜின் குலுங்குகிறதா?

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது, குளிர்சாதனம் ஓடினால் இன்ஜின் குலுங்குவதும் சில வேளைகளில் அணைந்தே போவதும் பழைய கார்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு. பாகங்களை மாற்றிப் பணத்தைச் செலவழிக்கும் முன் ஆர்பிஎம் முள்ளைக் கவனிப்பது நல்லது.

குளிர்சாதனக் கம்பிரசரை இன்ஜினே பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. அந்தச் சுமை ஏறும்போது காரின் கணினி கூடுதல் காற்றை உள்ளே விட்டு வேகத்தைச் சரிக்கட்டும். அதனால் முள் ஒரு கணம் இறங்கி நிலைபெறுவது இயல்பு.

முள் தொடர்ந்து ஏறி இறங்கினால், திராட்டல் பாடியிலும் ஐடில் வால்விலும் கரி படிந்திருக்கலாம். அதற்குரிய கிளீனர் கொண்டு சுத்தம் செய்த பின், சில கார்களில் ஐடில் அளவை மீண்டும் பதிய வேண்டியிருக்கும். அப்போதும் சரியாகாவிட்டால் வெக்யூம் குழாயில் வெடிப்பு உள்ளதா, ஸ்பார்க் பிளக் தேய்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

முள் அசையாமல் கார் மட்டும் அதிர்ந்தால், இன்ஜின் மவுண்டிங்கைச் சோதிக்க வேண்டும். கார் நிற்கும்போது மட்டும் குளிர் குறைந்தால், கண்டென்சர் விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது அவசியம். அது நின்றுபோனால் கம்பிரசரின் சுமை கூடும்.

காரணத்தைக் கண்டறியாமல் ஐடில் வேகத்தை மட்டும் கூட்டி வைத்தால் கோளாறு மறைந்திருக்கும், பெட்ரோல்தான் வீணாகும்.