திராட்சையும் டிராக்டரும்: ஒரு சாண் நிலத்தோட கதை

ஃபிரான்ஸின் பர்கண்டியில திராட்சைக்குப் பந்தல் கிடையாது மக்களே. 19-ம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் வரிசையும் கிடையாது. கொடியை மண்ணுக்குள்ள வளைச்சுப் பதியம் போட்டே பெருக்கினதால தோட்டம் கன்னாபின்னான்னு கிடந்தது. குதிரை நுழையாது, களைக்கு மண்வெட்டிதான்.

1860-களில் ஃபிரான்ஸுல தலைகாட்டின ஃபைலாக்சரா பூச்சி வேரைத் தாக்கி தோட்டங்களை அழிச்சது. அதைத் தாங்குற அமெரிக்கக் கொடியோட வேர்மேல ஒட்டுக்கட்டி, இந்தத் தடவை வரிசையா நட்டாங்க. குதிரை ஏர் உள்ளே வந்தது. ஆனா வரிசைக்கு வரிசை சுமார் 1 மீட்டர்தான். டிராக்டர் எப்படிப் போகும்? இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், வரிசையைக் கால்நடுவுல விட்டுத் தாண்டி ஓடுற உயரமான டிராக்டர் வந்தது.

மிச்சம், கொடிக்கும் கொடிக்கும் நடுவுல உள்ள துண்டு நிலம். அதுக்குன்னே ஒரு கலப்பை: முன்னாடி நீட்டின கம்பி தண்டைத் தொட்டதும் கத்தி விலகும், தாண்டினதும் திரும்பும். கம்பியை விறைப்பா வச்சா தண்டு வெட்டுப்படும், பல வருச வளர்ப்பு போச்சு. ரொம்ப இளக்கமா வச்சா களை தப்பிக்கும்.

இந்தத் தொல்லையே வேணாம்னு பலர் சிமசின் மாதிரி களைக்கொல்லிக்கு மாறினாங்க. அது நிலத்தடி நீர்ல இறங்கிச்சு. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதுக்கு அனுமதி இல்லைன்னு முடிவு செஞ்சது. ஒதுக்கி வச்ச கலப்பைக்கு மறுபடியும் வேலை வந்தது.