தடுப்பூசிச் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்குமா? கேரளத் திட்டங்களும் தனியார் பாலிசிகளும் கூறுவது என்ன?

திருவனந்தபுரம்: இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் முற்றி, நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவருக்கு லட்சக்கணக்கான ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு, அதே காய்ச்சலைத் தடுக்கும் ஊசிக்கான செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பருவமழைக் காலத்தில் காய்ச்சல் பாதிப்பு அதிகரிக்கும் கேரளத்தில், முதியோரும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் இந்த விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகிறது.

இலவசமாகக் கிடைப்பவை எவை?

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், அரசு ஊழியர்கள், மாணவர்கள், சிறைக் கைதிகள் ஆகியோருக்கு 1879-ஆம் ஆண்டிலேயே அம்மைத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. தடுப்பூசி போடுவது அரசின் பொறுப்பு என்ற அணுகுமுறையே இன்றும் நாடு முழுவதும் தொடர்கிறது.

1985-இல் தொடங்கப்பட்ட தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் கீழ், போலியோ, காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், தட்டம்மை, ரூபெல்லா, ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட 12 நோய்களுக்கு எதிரான தடுப்பூசிகள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மையங்களில் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஜேஇ தடுப்பூசி மட்டும் பாதிப்புள்ள மாவட்டங்களில் வழங்கப்படுகிறது.

இப்பட்டியலில் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி இல்லை. முதியோருக்கான நிமோகாக்கல், அக்கித் தடுப்பூசிகளும் இல்லை. எனவே இவற்றைப் போட்டுக்கொள்ள விரும்புவோர் தனியார் மருத்துவமனைகளில் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டியுள்ளது. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால், ஓய்வூதியத்தை நம்பி வாழும் தம்பதிக்கு இது ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும் செலவாகிறது.

கேரள அரசின் திட்டங்கள்

கேரளத்தில் 2019-இல் தொடங்கப்பட்ட காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கும் இத்திட்டம், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்பவர்களுக்கானது. ஆயுஷ்மான் பாரத் விதிகளில், புறநோயாளி சிகிச்சையுடன் தடுப்பூசியும் விலக்குப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மாநில அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மெடிசெப் திட்டம் 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. மாதம் ரூ.500 பிரீமியத்தில் ஆண்டுக்கு ரூ.3 லட்சம் காப்பீடு என்ற அளவில் தொடங்கிய இத்திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டதே.

இவற்றிலிருந்து மாறுபட்டது தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ திட்டம். மருந்தகங்கள் வாயிலாகப் புறநோயாளி சேவைகளையும் நேரடியாக வழங்கும் இத்திட்டத்தில் நோய்த்தடுப்புச் சேவையும் உண்டு. எந்தெந்த ஊசிகள் கிடைக்கும் என்பதை உறுப்பினர்கள் தங்கள் மருந்தகத்தில் கேட்டறியலாம்.

தனியார் பாலிசிகளில் என்ன நிலை?

ஐஆர்டிஏஐ எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பொதுவான பாலிசியை வழங்கி வருகின்றன. குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால் சிகிச்சைச் செலவை ஏற்கும் இப்பாலிசி, புறநோயாளி செலவுகளை ஏற்பதில்லை. தடுப்பூசி சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் அது இந்த வரம்புக்குள் வருவதில்லை.

எனினும், மூன்று வகைப் பாலிசிகளில் தடுப்பூசிக்குப் பணம் கிடைக்க வாய்ப்புள்ளது. மகப்பேறு பலனுடன் கூடிய சில பாலிசிகள், பிறந்த குழந்தையின் தடுப்பூசிச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை ஏற்கின்றன. புறநோயாளி பலன் சேர்க்கப்பட்ட சில பாலிசிகளும், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக எடுக்கும் சில குழுப் பாலிசிகளும் இச்செலவை ஏற்பதுண்டு.

நாய்க்கடிக்கு விதிவிலக்கு

தடுப்பூசியை விலக்கும் பல பாலிசிகளில், விலங்குக் கடிக்குப் பிந்தைய சிகிச்சையின் பகுதியாகப் போடப்படும் ஊசிக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனினும் உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்ற நிபந்தனை இதற்கும் பொருந்துமா என்பதைப் பாலிசி ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும்.

ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிது. எனவே கடிபட்டவர்கள் காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனடியாக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏற்க மறுப்பதற்குக் காரணம் என்ன?

எதிர்பாராத இழப்பைப் பலரிடையே பகிர்வதே காப்பீட்டின் அடிப்படை. ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி முன்கூட்டியே தெரிந்த செலவு என்பதால் அது காப்பீட்டு இடராகக் கருதப்படுவதில்லை. மேலும், பாலிசிகள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தங்கள். ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசியின் பலன் பல ஆண்டுகளுக்குப் பின் தெரியவரும்போது, வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கலாம்.

ஆனால் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிக்கு இந்த இரண்டாவது வாதம் பொருந்தாது. அதன் பாதுகாப்பு அதே ஆண்டிலேயே கிடைக்கிறது. மருத்துவமனைச் செலவு தவிர்க்கப்பட்டால், அந்த ஆண்டின் காப்பீட்டு நிறுவனமே பயனடைகிறது.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டப்படி, பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளைப் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் கட்டணமின்றி வழங்க வேண்டும். பிரிட்டனில் 65 வயதைக் கடந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை அரசே இலவசமாக வழங்குகிறது.

கோவிட் காலம் காட்டிய வழி

2021 மார்ச்சில் முதியோருக்கான கோவிட் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இணைந்த சுமார் 10,000 தனியார் மருத்துவமனைகள் தடுப்பூசி மையங்களாகப் பயன்படுத்தப்பட்டன. அங்கு ஒரு தவணைக்கு அதிகபட்சம் ரூ.250 என நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை மக்களே செலுத்தினர். தடுப்பூசியின் பக்கவிளைவால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அச்செலவுக்குப் பாலிசி பொருந்தும் என்று ஐஆர்டிஏஐ அப்போது தெளிவுபடுத்தியது.

பாலிசிதாரர்கள் கவனிக்க வேண்டியவை

பாலிசியுடன் வழங்கப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில், விலக்குகள் பகுதியையும் புறநோயாளி பலன் பகுதியையும் படிக்க வேண்டும். பலன் உண்டு என்றால், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, ஊசியின் பெயரும் தொகுதி எண்ணும் குறிக்கப்பட்ட ரசீது ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், பின்னர் ஐஆர்டிஏஐ அமைப்பின் 'பீமா பரோசா' தளத்திலும் முறையிடலாம். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதிலளிக்காவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, கேரளத்தவர்கள் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

65 வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய, நுரையீரல் நோயாளிகள் ஆகியோர் காப்பீடு இல்லை என்பதற்காக இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் ஆலோசிப்பது நல்லது. ஊசி போட்ட பின் பாதுகாப்பு உருவாக சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்குவதால், மே மாத நடுப்பகுதிக்குள் மருத்துவரை அணுகுவது பயன் தரும்.