அப்பனைக் கழித்தல்: ஓல்ட்ஸ்மொபைல் என்றொரு பிரதி

'இளைஞர்' என்கிற சொல்லை வயதைக் குறிக்கும் சொல்லாகவே வாசித்துப் பழகிவிட்டோம். சந்தை அதை அப்படி வாசிப்பதில்லை. சந்தைக்கு இளைஞர் என்றால் இன்னும் வாங்காதவர். கிழவர் என்றால் ஏற்கெனவே வாங்கி முடித்தவர். இந்தப் பிரிவினை எப்படி உண்டாக்கப்பட்டது, அதில் யார் யார் கழித்துக் கட்டப்பட்டார்கள் என்பதை ஒரு அமெரிக்கக் காரின் வரலாற்றை வைத்துப் பேச முயல்கிறேன்.

1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன்னுடைய ஓல்ட்ஸ்மொபைல் பிரிவின் 'கட்லஸ் சுப்ரீம்' வண்டியை அடியோடு மாற்றிக் கொண்டுவந்தது. பெட்டி மாதிரி இருந்த உடல் வழவழப்பாயிற்று. பின்சக்கரத்தில் இருந்த இழுவை முன்சக்கரத்துக்குப் போயிற்று. முதலில் இரண்டு கதவு மாடல் வந்தது. 1990 மாடலில் நான்கு கதவு செடான் வந்தது. அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம்தான் வண்டியைவிடப் பிரபலம்: 'இது உங்கப்பா வச்சிருந்த ஓல்ட்ஸ்மொபைல் இல்லை.' 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர், பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் போன்றவர்கள் தங்கள் பிள்ளைகளோடு தோன்றினார்கள். இளமையை அறிவிக்க வந்தவர்கள் 60களின் நாயகர்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை வண்டியை ஓட்டும், பிரபலமான அப்பா பக்கத்தில் இருப்பார். அப்பன் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு விளம்பரத்தில் இடமே கிடையாது.

விற்பனை ஏறவில்லை. 1985இல் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் விற்ற ஓல்ட்ஸ்மொபைல், 90களின் தொடக்கத்திலேயே அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இருந்த கிழவர்களை அவமானப்படுத்தினார்கள், வேண்டிய இளைஞர்களும் வரவில்லை என்பது வணிகத்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். இந்தப் பாடத்தையே நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தவறு ஒரு வாசகத்தில் நடந்தது, இன்னும் சாமர்த்தியமான வாசகம் எழுதியிருந்தால் பிழைத்திருக்கும் என்று அது நம்மை நம்பவைக்கிறது. கதையை விளம்பரத்துக்குள்ளேயே அடைத்துவிடுகிறது.

வெளியே வந்து பார்ப்போம். ரான்சம் ஓல்ட்ஸ் என்பவர் மிஷிகன் மாநிலத்தின் லான்ஸிங் நகரில் 1897இல் தொடங்கிய கம்பெனி இது. 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை விழுங்கியது. 1923இல் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் ஒரு ஏணியைக் கட்டினார். கீழ்ப்படியில் செவர்லே, அப்புறம் போன்டியாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல், மேலே ப்யூக், உச்சியில் காடிலாக். சம்பளம் ஏற ஏற மனிதன் படி ஏறுவான். வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்தே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். இது போதாதென்று 1927இல் ஹார்லி எர்ல் தலைமையில் வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் என்றே தனிப்பிரிவு அமைத்தார்கள். ஆண்டுக்கொரு மாடல் என்பது வழக்கமாகியது. 1929இல் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங் ஒரு கட்டுரை எழுதினார். வாங்குபவனை அதிருப்தியிலேயே வைத்திருங்கள் என்பதுதான் தலைப்பு. ஒளிவுமறைவு இல்லாத மனுஷன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓடும்போதே பழசாக்க வேண்டும். அப்போதுதான் அடுத்தது விற்கும்.

நம்மூரில் எந்தப் புதுமைக்கும் ஆதரவாக மேடைகளில் நன்னூல் சூத்திரம் ஒன்று இழுபடும். பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை என்று பவணந்தி சொல்லிவிட்டார் என்பார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். காலத்தின் போக்கால் நடக்கிற கழிதலைத்தான் அவர் குற்றமில்லை என்றார். ஸ்லோனும் கெட்டரிங்கும் செய்தது வேறு. காலம் செய்யவேண்டிய வேலையைக் கம்பெனி அட்டவணை போட்டுச் செய்தது. பழையது கழியவில்லை, கழிக்கப்பட்டது. தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இடையில் இருக்கிற இந்த இலக்கண வேறுபாட்டில்தான் முழு அரசியலும் இருக்கிறது.

ஓல்ட்ஸ்மொபைலே ஒரு காலத்தில் இளமையின் அடையாளம். 1949இல் வந்த 'ராக்கெட்' என்ஜின் அமெரிக்க வாலிபர்களைப் பைத்தியமாக்கியது. 1951இல் அந்த வண்டியின் பெயரிலேயே 'ராக்கெட் 88' என்று ஒரு பாட்டு வந்தது. ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அதை உருவாக்கியவர்கள் ஐக் டர்னர் குழுவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். ஆக, 1988 விளம்பரம் கேலி செய்த அந்த 'அப்பா' யார்? 1951இல் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த அதே வாலிபன்.

அவன் ஏன் விலகிப்போனான்? கிழவனானதாலா? 1977இல் ஓல்ட்ஸ்மொபைல் வாங்கியவர்கள் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே செவர்லே என்ஜின் இருந்தது. வழக்குகள் நடந்தன. ஏணியின் நடுப்படிக்குக் காசு கொடுத்தவனுக்குக் கீழ்ப்படியின் சரக்கு. 1978இலிருந்து 1985 வரை விற்ற டீசல் என்ஜின் அடிக்கடி பழுதாகி வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். 1983இல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு பிரிவுகளின் நான்கு வண்டிகளை அட்டையில் வரிசையாக நிறுத்திக் காட்டியது. நாலும் ஒரே அச்சு. செலவைக் குறைக்க ஒரே உடலை நாலு பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். வேறுபாட்டை விற்றுப் பிழைத்த கம்பெனியிடம் விற்க வேறுபாடு இல்லாமல் போச்சு. இந்த இடத்தில்தான் 'அப்பா' தேவைப்படுகிறார். கோளாறு என்ஜினில் இல்லை, கணக்குப் புத்தகத்திலும் இல்லை, வாங்குகிறவன் வயசில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். விளம்பரத்தின் முதல் வேலை புதுவண்டியை விற்பதல்ல, பழியை இடம் மாற்றுவது.

1995 மாடலாக வந்த 'அரோரா' செடான் இன்னும் ஒருபடி மேலே போனது. அதன் வெளிப்புறத்தில் ஓல்ட்ஸ்மொபைல் என்கிற பெயரே இல்லை. லக்கானையும் அவருடைய 'தந்தையின் பெய'ரையும் இழுத்து இங்கே இரண்டு பக்கம் எழுத ஆசைதான். தேவையில்லை. பெயரை மறைத்தும் பிழைக்கவில்லை என்பதே போதும். 2000 டிசம்பரில் இந்தப் பிரிவை மூடப்போவதாக அறிவித்தார்கள்.

வயதுதான் காரணம் என்றால் ப்யூக் முதலில் செத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கும் தாத்தா வண்டி என்றுதான் பேர். ஆனால் 90களின் இறுதியில் ஷாங்காயில் ப்யூக் தயாரிக்கத் தொடங்கினார்கள், சீனாவில் விற்றது, பிழைத்துக்கொண்டது. வாலிப வண்டி என்று பெயரெடுத்த போன்டியாக்கோ 2009 திவாலின்போது கைவிடப்பட்டது. இளமை போன்டியாக்கைக் காப்பாற்றவில்லை, முதுமை ப்யூக்கைக் கொல்லவில்லை.

இதுவரை வாங்குபவனைப் பற்றித்தான் பேசினேன். விளம்பரம் போட்ட வளையத்துக்குள்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன் என்று தோழர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். செய்தவன் எங்கே? ரொலான் பார்த் 1957இல் வெளியான தன் தொகுப்பில் சித்ரோன் காரைப் பழைய தேவாலயங்களோடு ஒப்பிட்டு எழுதினார். அருமையான வாசிப்பு. ஆனால் அவர் பார்த்தது கண்காட்சியில் நின்ற வண்டியை.

லான்ஸிங்கில் 'அப்பாவின் ஓல்ட்ஸ்மொபைல்' என்றால் அப்பா ஓட்டிய வண்டி மட்டுமல்ல, அப்பா செய்த வண்டி. பக்கத்து ஃபிளிண்ட் நகரத்தில் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாட்கள் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய உள்ளிருப்பு வேலைநிறுத்தம்தான் ஜெனரல் மோட்டார்ஸைச் சங்கத்தோடு பேச வைத்தது. 1950 ஒப்பந்தத்தில் ஓய்வூதியம் வந்தது. 1970 வேலைநிறுத்தத்தில், 30 ஆண்டு உழைத்தவன் கிழவனாகும்வரை காத்திருக்காமல் ஓய்வுபெறும் உரிமைக்காகப் போராடி வழி திறந்தார்கள். முதுமை என்பது தொழிலாளிக்கு இப்படிப் போராடிப் பெற்ற ஒன்று. கணக்கெழுதும் முதலாளிக்கு அது ஒரு செலவு. 1986 நவம்பரில் 11 ஆலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 29,000 பேர் வேலை. அடுத்த இரண்டே ஆண்டில் 'உங்கப்பா வண்டி இல்லை' என்ற குரல் வருகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

சரி, அப்பனை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையையாவது வாழவைத்தார்களா? 2007 ஒப்பந்தத்தில் இரட்டைச் சம்பள முறை நுழைந்தது. புதிதாகச் சேருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு, பழையவர்கள் வாங்குவதில் ஏறக்குறைய பாதிச் சம்பளம். முன்பிருந்த மாதிரி ஓய்வூதியம் கிடையாது. 2009 நெருக்கடியில் இது புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் விரிந்தது. வாங்குகிறவன் இளைஞனாக இருக்க வேண்டும் என்று தவம் கிடந்தவர்கள், செய்கிறவன் இளைஞன் என்றால் கூலியைப் பாதியாக்கினார்கள். தான் பூட்டுகிற வண்டியை வாங்க முடியாத இளைஞன். எந்த விளம்பரத்திலும் இவன் அப்பாவோடு தோன்றவில்லை.

நம் எழுத்துலகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. புது நாவலின் பின்னட்டையில், கவிதைத் தொகுப்பின் முன்னுரையில், 'இது முந்தைய தலைமுறையின் எழுத்தல்ல' என்கிற அதே வாசகம் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. முந்தைய தலைமுறையை விமர்சிக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். விமர்சிக்கிறவன் வாசித்துவிட்டு, சண்டை போட்டுவிட்டுக் கழிக்கிறான். அட்டவணை போட்டுக் கழிப்பது வேறு. பத்தாண்டுக்கொரு மாடல் என்று இலக்கியத்தை அடுக்குகிறபோது, ஸ்லோனின் ஏணியை நாமே தூக்கிவந்து நம் வாசலில் சாத்துகிறோம்.

2004 ஏப்ரல் 29 அன்று லான்ஸிங்கில் கடைசி ஓல்ட்ஸ்மொபைல் வெளிவந்தது. 'அலெரோ' என்ற செடான். 107 ஆண்டுகள், மூன்றரைக் கோடிக்கும் மேல் வண்டிகள். அதன் முன்மூடிக்கு அடியில் தொழிலாளர்கள் தங்கள் பெயர்களை எழுதிக் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டு அந்த ஆலையும் மூடப்பட்டது. லான்ஸிங்கில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகள் வேறு பெயர் வண்டிகளோடு தொடர்ந்தன. 2023 செப்டம்பரில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் அங்குள்ள ஆலையொன்றும் இறங்கியது. கோரிக்கைகளில் முக்கியமானது இரட்டைச் சம்பளத்தை ஒழிப்பது. முழுச் சம்பளம் வாங்குகிற பழைய ஆட்களும் பாதியில் தொடங்கிய புதிய ஆட்களும் ஒரே வாசலில் நின்றார்கள். முழுச் சம்பளத்தை எட்ட எட்டாண்டு என்றிருந்தது மூன்றாண்டாகக் குறைந்தது. 2007க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.