குப்புறவா, மல்லாக்கவா? கூட்டிப் பார்க்காத ஒரு கணக்கு



பிள்ளை பிறந்த வீட்டில் ஆலோசனைக்குக் குறைவே இல்லை. ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் ஒன்று சொல்வார். வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிற்றர் இன்னொன்று சொல்வார். யார் சொல்வதைக் கேட்பது என்று இளம் தாய்மார் நிலையத்துக்கு எடுத்துக் கேட்கிறார்கள். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆனாலும் பிள்ளையைப் படுக்க வைத்த வரலாறு ஒரு கணக்குப் பாடம்தான்.

ஊரில் ஏணையில் கிடந்த பிள்ளை மல்லாக்கவே கிடந்தது. மேற்கு நாடுகளிலோ 1950களின் பிற்பகுதியிலிருந்து டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக் போன்ற புகழ்பெற்றவர்கள் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். மல்லாக்கக் கிடந்து பால் கக்கினால் புரையேறிவிடும் என்பது அவர்களின் பயம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அது சரிதானா என்று முதலில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1980களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்தார்கள். பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும் ஹொங்கொங்கில் இப்படியான மரணம் அரிது என்று 1985இல் லான்செற் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நெதர்லாந்து 1987இல் தன் ஆலோசனையை மாற்றியது. குப்புறப் படுக்கும் பிள்ளைக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் என்று 1990இல் பிரிஸ்டலில் பீற்றர் பிளெமிங் குழுவினர் காட்டினார்கள். 1991 யூலையில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தன் நான்கு மாத மகனை இழந்தார். அவர் விடாமல் குரல் கொடுத்தார். அந்த டிசெம்பரிலேயே பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அதன்பின் இம்மரணங்கள் 80 வீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. புரையேறி இறப்பதும் கூடவில்லை.

2005இல் லண்டனில் ரூத் கில்பேர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 1970 அளவிலேயே விடை தெரிந்திருக்கும் என்றும், பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பியிருக்கக்கூடும் என்றும் வந்தது. பதிவுகள் எல்லாம் இருந்தன, கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. கணக்கு எழுதுகிற எனக்கு இதைவிடப் பெரிய நட்டக் கணக்கு தெரியாது.

அப்படியென்றால் அம்மம்மா சொன்னதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. ஏணையின் வளைவு, தலையணை, கனத்த போர்வை ஆகியவற்றை இன்றைய ஆய்வு ஏற்பதில்லை. பிள்ளைக்கு வேண்டியது உறுதியான, தட்டையான மெத்தை. முதல் ஆறு மாதமும் இரவிலும் பகலிலும் நீங்கள் இருக்கும் அறையிலேயே அது தூங்கட்டும். அறை அதிகம் சூடாக இருக்க வேண்டாம். வீட்டுக்குள் புகைக்க வேண்டாம். பிள்ளையோடு சோபாவில் ஒருபோதும் கண்ணயராதீர்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புற விட்டு விளையாட்டுக் காட்டலாம்.

பெரியவர் சொன்னாரா, படித்தவர் சொன்னாரா என்று பார்க்காமல், சோதித்துப் பார்த்த பேச்சா என்று கேளுங்கள். ஹெல்த் விசிற்றரிடமும் தயங்காமல் காரணம் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.