பெண்களுக்கான தனியிடங்களும் திருநங்கையரும்: பிரித்தானியச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

பிரித்தானியாவில் பெண்களுக்கெனப் பொது வாழ்வில் ஒதுக்கப்பட்ட இடங்கள் தொன்றுதொட்டு இருந்து வந்தவையல்ல. அவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளிற் போராடிப் பெறப்பட்டவை. 1813இல் எலிசபெத் ஃபிரை அம்மையார் இலண்டன் நியூகேற் சிறைச்சாலைக்குச் சென்றபோது, பெண் கைதிகள் தம் குழந்தைகளோடு நெருக்கமாக அடைக்கப்பட்டு, ஆண் காவலரின் பொறுப்பில் விடப்பட்டிருக்கக் கண்டார். பெண் கைதிகளைத் தனியே வைத்துப் பெண் உத்தியோகத்தரைக் கொண்டே மேற்பார்வை செய்தல் வேண்டும் என்ற விதி 1823ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தோடு வந்தது. ஆணும் பெண்ணும் வேலைசெய்யும் தொழிற்சாலைகளில் அவரவர்க்கு வெவ்வேறு மலசலகூடங்கள் இருத்தல் வேண்டும் என்பதை 1901ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வலியுறுத்தியது. வீதியிலோ நிலைமை வேறு. 1900ஆம் ஆண்டளவில் இலண்டன் சென் பங்கிராஸ் வட்டாரத்திற் பெண்களுக்கென ஒரு கழிப்பறை கட்டும் யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்புத் தோன்றியது. கட்டடம் அமையவிருந்த இடத்தில் வைக்கப்பட்ட மரத்தாலான மாதிரியின்மீது வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே மோதிச் சென்றனர். அவ்வட்டார சபையில் அங்கத்தவராக இருந்து அக்கழிப்பறைக்காக வாதாடியவர் நாடகாசிரியர் பேர்னாட் ஷோ என்பது பலரும் அறியாத செய்தி. கணவனின் அடிக்குத் தப்பிவரும் பெண்களுக்கான அடைக்கல இல்லம் 1971இல் சிசிக் என்னுமிடத்தில் எரின் பிற்ஸி என்பவரால் தொடங்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் இவ்விடங்களைப் பற்றி எழுந்த விவாதத்தை நோக்குவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளுதல் வேண்டும். வண்டிக்காரர் மோதிச் சென்ற கழிப்பறையை நினைவிற்கொண்டவர்கள், அதன் வாசலில் யார் நுழையலாம் என்று கேட்பதை வெறும் வெறுப்பு என ஒதுக்குதல் பொருந்தாது. அதேவேளை, அவ்வாசலில் நின்ற திருநங்கையர் இவ்விவாதத்தைத் தாமாக உண்டாக்கியவர்களுமல்லர். சட்டம் ஒரு சொல்லை ஒரு தேவைக்கென வரையறுத்துப் பின்னர் அதனை வேறு தேவைகளுக்கும் கொண்டுசென்ற முறையே இச்சிக்கலின் மூலம் எனலாம்.

அவ்வரையறை முதலில் விவாக வழக்கொன்றிற் பிறந்தது. ஆணாகப் பிறந்து, சத்திரசிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழ்ந்த ஏப்ரில் ஆஷ்லி என்னும் உடையலங்கார அழகி 1963இல் ஆதர் கோபெற் என்பவரை மணந்தார். மணவாழ்வு நிலைக்கவில்லை. அவ்விவாகம் செல்லாது எனக் கணவர் தொடுத்த வழக்கில் 1970இல் நீதிபதி ஓம்றொட் தீர்ப்பளித்தார். பிறப்பின்போது நிறமூர்த்தம், இனப்பெருக்கச் சுரப்பி, பாலுறுப்பு ஆகிய மூன்றும் ஒருமித்துக் காட்டும் பாலே விவாகத்துக்குரிய பால் என்பது அவர் முடிவு. நீதிபதியே ஒரு வரம்பையும் கூறியிருந்தார்: எதிர்வாதியின் பாலை எல்லாத் தேவைகளுக்குமாகத் தீர்மானிப்பது தம் வேலையன்று, விவாகத்துக்கு மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றார். ஆயினும் அவ்வரம்பு விரைவில் மறக்கப்பட்டது. 1983இல் ஒரு குற்றவியல் வழக்கிலும் இதே அளவுகோல் எடுத்தாளப்பட்டது. சமூகக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் பிறப்புச் சான்றிதழே முடிவான சான்றாயிற்று.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2002 யூலை 11இல், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கிறிஸ்ரின் குட்வின் என்ற திருநங்கையின் முறைப்பாட்டை ஏற்றுப் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அக்காலத்திற் பெண்களின் ஓய்வூதிய வயது 60ஆகவும் ஆண்களுக்கு 65ஆகவும் இருந்தது. பெண்ணாக வாழ்ந்தும் 65 வயது வரை அவர் பணம் செலுத்த வேண்டியிருந்தது. இதன் விளைவே 2004ஆம் ஆண்டின் பால்நிலை அங்கீகாரச் சட்டம். மருத்துவர் உறுதிப்படுத்த, ஈராண்டு மாறிய பால்நிலையில் வாழ்ந்தவருக்கு ஒரு குழு சான்றிதழ் வழங்கும், சத்திரசிகிச்சை கட்டாயமில்லை. சான்றிதழ் பெற்றவரின் பால் ‘எல்லாத் தேவைகளுக்கும்’ மாறியதாகும் என ஒன்பதாம் பிரிவு கூறிற்று. விதிவிலக்குகளும் இருந்தன. பிரபுப் பட்டம் யாரைச் சேரும் என்பதற்கு ஒரு பிரிவு. விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பிரிவு. சிறைக்கூடத்துக்கும் அடைக்கல இல்லத்துக்கும் ஒரு பிரிவேனும் எழுதப்படவில்லை. பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பாராளுமன்றம் அறையைப் பற்றி எண்ணாமை வியப்புக்குரியது.

அறையைப் பற்றிய வழக்கு எழாமலுமில்லை. பால்மாற்றத்தைத் தொடங்கியிருந்த அஞ்சல் ஊழியர் ஒருவர் பெண்களின் மலசலகூடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். சக ஊழியர் ஆட்சேபித்தனர். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைப் பயன்படுத்துமாறு நிர்வாகம் கூறிற்று. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மாற்றத்தைத் தொடங்கிய கணத்திலேயே அவ்வுரிமை கிடைத்துவிடாது. என்றும் கிடைக்காது எனவும் கூறமுடியாது என்பது அதன் போக்கு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே சென்றது. பால்மாற்றம் காரணமாகப் பாகுபாடு காட்டுதல் தடுக்கப்பட்டது. எனினும் தகுந்த நோக்கத்துக்குத் தகுந்த அளவில் ஒருவரைத் தனிப்பாற் சேவையிலிருந்து விலக்கலாம் என்றும் இடமளிக்கப்பட்டது. எது தகுந்தது என்பதை இல்லப் பொறுப்பாளரும் சிறை அத்தியட்சகருமே தீர்மானிக்க வேண்டியவராயினர்.

இச்சுமை எத்துணை பெரிதென்பதைச் சிறைச்சாலைகள் காட்டின. 2015 நவம்பரில் இங்கிலாந்தின் ஆண்கள் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த திருநங்கையர் இருவர் இரு வார இடைவெளியில் இறந்தனர். அதனால் எழுந்த கண்டனத்தின் பின், 2016இல் புதிய விதிகள் வந்தன. பிறப்புச் சான்றிதழை விடுத்து, ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்து சிறையைத் தீர்மானிக்கலாயினர். மறுவருடமே யோர்க்சயரிலுள்ள ஒரு பெண்கள் சிறையில், பால்நிலைச் சான்றிதழ் இல்லாத, முன்னரும் பாலியற் குற்றம் புரிந்த ஒருவர் அனுமதிக்கப்பட்டுப் பெண் கைதிகளுக்குப் பாலியற் கொடுமை இழைத்தார். முந்திய குற்றங்கள் உரியவாறு கவனிக்கப்படவில்லை என நீதியமைச்சு மன்னிப்புக் கோரியது. இவ்விரு நிகழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மற்றதை மறைப்பது பின்னைய விவாதத்தில் இரு சாராரிடமும் காணப்பட்ட குறை. ஆண்கள் சிறையில் இறந்தவரும் பெண்கள் சிறையில் துன்புற்றவரும் அரசின் காவலில் இருந்தவர்களே. எங்கே உறங்குவது என்பதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அவர்களில் எவருக்கும் இருக்கவில்லை.

ஸ்கொத்லாந்தில் விவாதம் அரசியற் புயலாயிற்று. மருத்துவச் சான்று இன்றியே 16 வயது முதல் பால்நிலைச் சான்றிதழ் பெறலாம் என்னும் மசோதா 2022 டிசெம்பரில் அங்குள்ள பாராளுமன்றத்தில் 86க்கு 39 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 2023 சனவரியில் இலண்டன் அரசாங்கம் அதனைத் தடுத்தது. 1998ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்துச் சட்டத்திலுள்ள அவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை. அதே மாதத்தில், ஆணாக இருந்த காலத்தில் இரு பெண்களை வன்புணர்ந்த ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டு முதலிற் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார். எதிர்ப்பு மேலோங்கவே ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டார்.

நீதிமன்றில் விடயம் முடிவுக்கு வந்தது முற்றிலும் வேறொரு வழியால். அரச சபைகளில் அரைவாசி இடம் பெண்களுக்கு எனக் குறித்த 2018ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்துச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ எனப்படுவது பிறப்பாற் பெண்ணையே குறிக்கும் என 2025 ஏப்ரில் 16இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இதனை ஒரு சாராரின் வெற்றியாகக் கொள்ளலாகாது எனவும், திருநங்கையர்க்குப் பாகுபாட்டுக்கெதிரான பாதுகாப்பு நீங்கவில்லை எனவும் தீர்ப்பை வாசித்த ஹொட்ஜ் பிரபு எச்சரித்தார். சபைகளிலுள்ள ஆசனங்களைப் பற்றிய வழக்கே கழிப்பறை வாசலையும் தீர்மானிக்க நேர்ந்தமை நோக்கத்தக்கது. 1970இல் விவாகத்துக்கென வகுத்தது ஏனையவற்றுக்குச் சென்றது போலவே இதுவும் நிகழ்ந்தது.

தீர்ப்பின்படி திருநம்பி பிறப்பாற் பெண். ஆனால் அவரது தாடியும் குரலும் பெண்களிடையே நியாயமான ஆட்சேபத்தை எழுப்புமாயின் பெண்களிடத்திலிருந்து அவரையும் விலக்கலாம் என நீதிபதிகள் கூறினர். அவ்வாறாயின் அவர் எங்கே செல்வது? சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு அம்மாத இறுதியில் வெளியிட்ட இடைக்கால விளக்கம், எவரும் செல்ல இடமின்றி விடப்படலாகாது என்று சொல்லிற்று. வேலைத்தலங்களுக்கான 1992ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் இதற்கு ஒரு விடை முன்னமே உண்டு: உள்ளிருந்து பூட்டத்தக்க, ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் அறையாக ஒவ்வொன்றும் அமைந்திருப்பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கழிப்பறை வேண்டியதில்லை. பணமும் இடமும் உள்ள நிறுவனங்களுக்கு அது போதும். ஒரே சமையலறையையும் கூடத்தையும் பலர் பகிர்ந்து வாழும் அடைக்கல இல்லத்துக்கோ சிறைக்கோ அவ்விதி உதவாது.